பழைய கடைசல் யந்திரத்தைப் பிரித்தல்: கைக்கெட்டாத போல்ட்களைக் கழற்றும் முறை

சென்னை மாநகரின் தென்பாகத்தில் ஓடிக் கடலில் கலக்கும் அடையாறு, கோடைக் காலத்தில் பார்ப்பவர்களுக்கு ஓர் ஆறு என்றே தோன்றாது. சைதாப்பேட்டைப் பாலத்தின்மேல் நாள்தோறும் செல்பவர்களிற் பலர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அத்தகைய ஆறு 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவில் கரைகளை மீறிப் புறப்பட்டது. அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது. கோட்டூர்புரத்திலும், ஜாபர்கான்பேட்டையிலும், அடையாற்றிலும் வீடுகள் நீரில் மூழ்கிய செய்தியை நாடே அறியும். ஆனால் அதே ஆற்றங்கரையில், ஈக்காட்டுத்தாங்கலிலும், 1958-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிண்டித் தொழிற்பேட்டையிலும் இருந்த சிறு பட்டறைகளின் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அங்கே கடைசல் யந்திரங்களும், துளையிடும் யந்திரங்களும், மோட்டார்களும் சேற்று நீரில் நின்றன. நீர் வடிந்தபின் ஒவ்வொரு பட்டறைக்காரரும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: இந்த யந்திரத்தை எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது?

கிராம முன்னேற்றத்தைப் பற்றிய பத்திரிகையில் நகரத்துப் பட்டறையின் கதை எதற்கு என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. பம்புசெட்டின் தண்டு தேய்ந்தாலும், கரும்பாலையின் உருளை ஆட்டங் கண்டாலும், டிராக்டர் கலப்பையின் முளை முறிந்தாலும், அதைச் சரி செய்வது பக்கத்து ஊர்ப் பட்டறையிலுள்ள ஒரு கடைசல் யந்திரந்தான். அந்த யந்திரம் பெரும்பாலும் புதிதாக வாங்கப்பட்டதாக இராது. நகரத்துப் பட்டறையொன்று இடம் மாறும்போதோ மூடப்படும்போதோ பழைய விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டதாகவே இருக்கும். பிரிக்கும்போது செய்யும் ஒரு தவறு, வாங்கிய பணம் முழுவதையும் பழைய இரும்பின் விலைக்கு இறக்கிவிடக் கூடும். மேலும் வெள்ளம் என்பது நகரத்துக்கு மட்டும் உரியதன்று. ஆற்றோரக் கிராமத்தில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் நீரில் மூழ்கினால், இங்கே சொல்லப்போகும் முறைகள் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் யந்திரத்தின் உறுப்புகளைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். நீண்டு கிடக்கும் கனமான வார்ப்பிரும்புப் பாகம் படுக்கை எனப்படும். அதன் இடது கோடியில் சுழலும் தண்டையும் பற்சக்கரங்களையும் தாங்கி நிற்பது ஹெட்ஸ்டாக். வலது கோடியில், வேலைத் துண்டின் மறுமுனையைத் தாங்குவது டெயில்ஸ்டாக். இவ்விரண்டுக்கும் இடையே, உளியைச் சுமந்துகொண்டு படுக்கையின்மேல் முன்னும் பின்னும் நகர்வது சாடில். சாடிலின் முன்புறத்தில் கைச்சக்கரத்தோடு தொங்கும் பெட்டி போன்ற பாகத்திற்கு ஏப்ரன் என்று பெயர். படுக்கையின் நீளத்துக்கு முன்பக்கமாக ஓடும் நீண்ட மரைத்தண்டு லீட் ஸ்க்ரூ. உளியைக் குறுக்கே நகர்த்தும் பலகை கிராஸ் ஸ்லைடு. இப்பெயர்களைப் பட்டறைகளில் ஆங்கிலச் சொற்களாகவே வழங்குகிறார்கள். இங்கும் அவ்வாறே எழுதுகிறோம்.

வெள்ள நீர் வடிந்தவுடன் பலர் செய்த முதல் காரியம், மோட்டாரை மட்டும் உலர்த்திவிட்டு யந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்ததுதான். இது பெருந்தவறு. ஆற்று வண்டலில் நுண்ணிய மணல் கலந்திருக்கும். அது தண்டின் தாங்கிகளுக்குள்ளும் சாடிலின் அடியிலும் புகுந்து உட்கார்ந்துவிடும். யந்திரத்தை ஒரு நாழிகை ஓட்டினால் போதும்; பல ஆண்டுகளில் தேய வேண்டியது அன்றைக்கே தேய்ந்துபோகும். மெயின் பியூஸைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவது உத்தமம். பிறகு நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, உடனே மண்ணெண்ணெயாலோ டீசலாலோ நனைத்துவிட வேண்டும். ஈரமான இரும்பு காற்றுப்பட்டால் துருப்பிடிக்கும் வேகத்தைக் கண்ணாற் காணலாம். எண்ணெய் பூசியபின் ஒரு நாள் தாமதமானாலும் குற்றமில்லை. அதற்குப் பின்னரே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.

முறிந்துபோன ஒரு காது

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறையொன்றில், வெள்ளம் வடிந்த நான்காம் நாள் நான் கண்டதை இங்குச் சொல்ல வேண்டும். அங்கே இருந்தது வார்ப்பட்டையால் ஓடுவதற்கென்று செய்யப்பட்டு, பிற்காலத்தில் மோட்டார் பொருத்தப்பட்ட மிகப் பழைய ஆறடி யந்திரம். சுவரை ஒட்டி அதை நிறுத்தியிருந்தார்கள். பின்புறம் ஒரு சாண் இடங்கூட இல்லை. லீட் ஸ்க்ரூவைத் தாங்கும் வலது கோடிப் பிடியில் இரண்டு போல்ட்கள். ஒன்று கழன்றுவிட்டது, மற்றொன்று படுக்கையின் கால் வார்ப்பிற்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஸ்பானர் நுழைந்தது, ஆனால் கைப்பிடி திரும்ப இடமில்லை. வேலை செய்த இளைஞர் ஸ்பானரின் முனையில் ஒரு குழாயைச் செருகி, உடலின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டார். ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது. போல்ட் கழன்றதென்று எல்லோரும் மகிழ்ந்தோம். கழன்றது போல்டன்று, பிடியின் காதே முறிந்துவிட்டது.

மயிலாப்பூரில் நெடுங்காலம் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அதற்குப் பிறகுதான் அழைத்து வந்தார்கள். அவர் முறிந்த துண்டைக் கையில் வாங்கி, மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்த முறிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, எத்தனை ஆண்டுகளாக இந்த வேலை?” என்று கேட்டார்.

“ஆறு ஆண்டுகள், ஐயா.”

“சரி. டெயில்ஸ்டாக்கை ஏன் இன்னும் கழற்றவில்லை? லீட் ஸ்க்ரூவை ஏன் இன்னும் தளர்த்தவில்லை? அதன் பாரமெல்லாம் இந்தப் பிடியில் அல்லவா தொங்குகிறது! மறைந்திருக்கும் போல்டை முதலில் கழற்றக் கூடாது. அதை மறைப்பது எது என்று பார்த்து அதை முதலில் நகர்த்த வேண்டும்.”

பெரியவர் சொன்ன இந்த ஒன்றுதான் இக்கட்டுரையின் சாரம். யந்திரத்தைச் செய்தவர்கள் அதைக் கைகளால்தான் பூட்டினார்கள். ஆகவே ஒவ்வொரு போல்டுக்கும் ஏதோ ஒரு நிலையில் கை எட்டியிருக்க வேண்டும். இப்போது எட்டவில்லையென்றால், அதற்குப் பின் பூட்டப்பட்ட ஏதோ ஒரு பாகம் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். பூட்டிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால், எட்டாத போல்ட்களிற் பெரும்பகுதி தாமாகவே எட்டும் போல்ட்களாக மாறிவிடும். எஞ்சி நிற்கும் சிலவற்றுக்கு மட்டுமே தந்திரம் தேவை.

வார்ப்பிரும்பின் இயல்பையும் இங்கே கவனிக்க வேண்டும். எஃகு வளைந்து எச்சரிக்கை தரும், வார்ப்பிரும்பு எச்சரிப்பதில்லை. அழுத்தத்தை அது வியக்கத்தக்க அளவு தாங்கும். இழுவிசையையோ திடீர் அதிர்ச்சியையோ அவ்வாறு தாங்குவதில்லை. ஸ்பானரின் நீளத்தைக் குழாயால் இரட்டித்தால் திருப்பும் விசையும் இரட்டிக்கும். ஆனால் அது துருப்பிடித்த மரையைத் திருப்புகிறதா, வார்ப்பின் காதை இழுக்கிறதா என்பது கைக்குத் தெரியாது. மேலும் முறிந்த வார்ப்பைப் பற்றவைப்பது எளிதான காரியமன்று. பற்றவைத்த இடத்தருகே மீண்டும் விரிசல் காண்பதும் உண்டு. பழைய யந்திரத்துக்கு மாற்று வார்ப்பு கடையில் கிடைக்காது. போல்டோ எங்கும் கிடைக்கும். ஆகையால் இரண்டில் ஒன்று போய்த் தீர வேண்டுமானால் போல்டே போகட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நட்டைக் குளிருளியால் பிளப்பதும், போல்டை ரம்பத்தால் அறுப்பதும் தோல்வியல்ல.

எந்த வரிசையில் பிரிப்பது

டெயில்ஸ்டாக்கின் அடியிலுள்ள பிடிபோல்டைத் தளர்த்தி, படுக்கையின் வலது கோடிவரை தள்ளி வெளியே எடுத்துவிடலாம். இது எளிது. அடுத்து லீட் ஸ்க்ரூ. ஏப்ரனிலுள்ள அரை நட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வலது கோடிப் பிடியைக் கழற்றுமுன் மரைத்தண்டின் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுத்ததும் பிடியின் போல்ட்கள் பாரமின்றி நிற்கும். பாதி இறுக்கம் அங்கேயே குறைந்துவிடும். முன்பு சொன்ன பட்டறையில் செய்யப்படாதது இதுவே.

பிறகு வருவது ஏப்ரன். அனுபவமில்லாதவர்களை அதிகம் தடுமாற வைப்பது இதுதான். ஏப்ரனைச் சாடிலோடு பிணைக்கும் போல்ட்கள் பெரும்பாலான யந்திரங்களில் சாடிலின் மேற்புறத்திலிருந்து கீழ்நோக்கி இறங்குகின்றன. அவற்றில் இரண்டு கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதோ நான்காவதோ கிராஸ் ஸ்லைடின் அடியில் மறைந்திருக்கும். தெரிந்தவற்றை மட்டும் கழற்றிவிட்டு, ஏப்ரன் அசையவில்லையே என்று இடைவெளியில் உளியை வைத்து நெம்புகிறார்கள். நெம்பக் கூடாது. கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைச் சுழற்றி அதைப் பின்புறமாக முழுவதும் தள்ள வேண்டும். போதாவிட்டால் கழற்றியே எடுத்துவிட வேண்டும். எண்ணெயும் துகளும் கெட்டிப்பட்டு மூடிய குழிகளை ஒரு கம்பியால் கீறிப் பார்த்தால், உள்ளே போல்டின் தலை தட்டுப்படும். பல ஆண்டு அழுக்கின்மேல் வண்ணமும் பூசியிருந்தால், அங்கே ஒரு குழி இருப்பதே வெளியில் தெரியாது. கடைசிப் போல்டைத் தளர்த்துமுன் ஏப்ரனின் அடியில் பலகையும் ஆப்பும் வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். அது எதிர்பாராத கனமுள்ளது. காலில் விழுந்தால் எலும்பு தப்பாது.

சாடிலின் பின்புற அடியில், அது படுக்கையைவிட்டு மேலெழும்பாதபடி பிடிக்கும் இரும்புப் பட்டை ஒன்று இருக்கும். அதன் போல்ட்கள் கீழிருந்து மேல்நோக்கி ஏறுகின்றன. யந்திரம் சுவரை ஒட்டியிருந்தால் அவற்றைப் பார்க்கவே இயலாது. சவரக் கண்ணாடி ஒன்றும் சிறு டார்ச்சும் இருந்தால் போதும். கண்ணாடியைக் கீழே சாய்த்துப் பிடித்து, ஒளியை அதன்மேல் வீசினால் போல்டின் தலை நன்கு தெரியும். இக்காலத்தில் கைத்தொலைபேசியை நுழைத்துப் படம் எடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. படம் நல்லதே. ஆனால் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவதால் தளர்த்துகிறோமென்று எண்ணி இறுக்கிவிடுவது சகஜம். கீழிருந்து ஏறும் போல்டை மேலிருந்து குனிந்து திருப்பும்போதும் இதே மயக்கம் உண்டாகும். திருப்புமுன், போல்டின் தலைப்பக்கத்திலிருந்து பார்ப்பதாக மனத்தில் கற்பித்துக்கொண்டு, இடஞ்சுழியாக எந்தப் பக்கம் என்று சாக்குக்கட்டியால் அம்புக்குறி இட்டுக்கொள்வது நல்லது.

இறுதியாக ஹெட்ஸ்டாக். எல்லாவற்றிலும் கடினமான போல்ட்கள் இதனுடையவையே. இவை படுக்கையின் இரு தடங்களுக்கும் இடையே, உட்புறக் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் இறங்கி, அடியில் ஒரு பட்டையையும் நட்டையும் கொண்டு இறுக்கப்பட்டிருக்கும். படுக்கையின் அடியில் படுத்துக்கொண்டு மேலே கையை நீட்டித்தான் அவற்றை அடைய முடியும். ஸ்பானர் உள்ளே போகும், திரும்ப இடமிராது.

இடமில்லாத இடத்தில் ஸ்பானர்

அறுமுக நட்டு ஒன்று, ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு வர 60 பாகை திரும்ப வேண்டும். கைப்பிடி அவ்வளவு தூரம் ஆடுவதற்கு இடமில்லாதபோது, வாய்திறந்த சாதாரண ஸ்பானரின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். அதன் வாய் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 பாகை சாய்ந்திருக்கும். இது அழகுக்காகச் செய்ததன்று. ஒருமுறை திருப்பியபின் ஸ்பானரை எடுத்து, குப்புறக் கவிழ்த்து மீண்டும் மாட்டினால், 30 பாகை இடமிருந்தாலே போதும்; நட்டு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு மூலையுள்ள வளைய ஸ்பானருக்கும் 30 பாகையே போதும். பல ஆண்டுகள் ஸ்பானர் பிடித்தவர்களிலும் இதைக் கவனியாதவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன்.

30 பாகைக்கும் இடமில்லையென்றால் ஸ்பானரையே இடத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைகளில் வாங்கிய மலிவான வளைய ஸ்பானர் ஒன்றைக் கொல்லுலையில் காய்ச்சி, கழுத்தில் வளைத்துக்கொள்ளலாம்; கைப்பிடியைப் பாதியாக அறுத்தும் கொள்ளலாம். நல்ல ஸ்பானரை இதற்குப் பலியிட வேண்டாம். காய்ச்சியபின் அதன் உறுதி குறைந்துவிடும். இன்னும் எளிய வழி நமது கிராமக் கொல்லருக்கு நன்கு கைவந்தது. நட்டின் மூலைகளுக்குச் சற்றுச் சிறிதான உள்விட்டமுடைய கனத்த இரும்புக் குழாயின் முனையைச் சிவக்கக் காய்ச்சி, அதே அளவுள்ள வேறொரு போல்டின் தலைமேல் வைத்து அடித்து இறக்கினால், முனை அறுமுகமாக வடிவெடுக்கும். மறுமுனையில் குறுக்கே ஒரு துளையிட்டுக் கம்பி செருகிவிட்டால், ஆழத்திலுள்ள நட்டைத் திருப்பும் குழாய் ஸ்பானர் ஆயிற்று. படுக்கையின் அடியிலுள்ள ஹெட்ஸ்டாக் நட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை. கைப்பிடியானது வார்ப்புச் சட்டங்களுக்கு வெளியே, தாராளமான இடத்தில் சுழலும்.

திருப்புளி நிற்க உயரமில்லாத இடத்தில், திருப்புளியின் முனைத்துண்டு ஒன்றை மட்டும் திருகின் வெட்டில் நிறுத்தி, அதன் அறுமுகத் தண்டை ஒரு சிறு வளைய ஸ்பானரால் திருப்பலாம். மேலே ஒரு மர ஆப்பால் நெருக்கி வைத்தால் முனை நழுவாது.

அளவு பொருந்தாத ஸ்பானர்

எட்டாத போல்டின் மூலைகள் மழுங்கிப் போனால் பிறகு எந்த வித்தையும் பலிக்காது. மழுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அளவு பொருந்தாத ஸ்பானர். நமது பட்டறைகளிலுள்ள பழைய யந்திரங்களிற் பல பிரிட்டனிலிருந்து வந்தவை, அல்லது பிரிட்டிஷ் மாதிரியைப் பார்த்து இங்கே செய்தவை. அவற்றில் இருப்பது ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் 1841-ஆம் ஆண்டில் வகுத்த மரை. மெட்ரிக் அளவைகளுக்கு வழி செய்த சட்டம் நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆயினும் யந்திரங்கள் சட்டத்தைப் பார்த்துத் தம் மரைகளை மாற்றிக்கொள்வதில்லை அல்லவா!

விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் போல்டுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும், தலையின் அகலத்தையன்று. அரை அங்குல விட்வொர்த் போல்டின் தலை, எதிரெதிர் முகங்களுக்கிடையே 0.92 அங்குலம், அதாவது 23.4 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் தளர்ந்து ஆடும். இலேசான போல்டைக் கழற்றிவிடும், துருப்பிடித்ததை மழுக்கிவிடும். மூன்று எட்டு அங்குலப் போல்டின் தலை 0.71 அங்குலம், 18 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறக்குறைய அதற்குச் சரியாக இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எஃகைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பிரிட்டனில் விட்வொர்த் போல்ட்களின் தலையை ஓரளவு சிறிதாக்கினார்கள். அதனால் அதே அரை அங்குலப் போல்டுக்கு 0.82 அங்குலத் தலையும் காணப்படும். ஒரே யந்திரத்தில், காலப்போக்கில் மாற்றப்பட்ட போல்ட்களால், இரண்டு அளவுகளும் கலந்திருப்பதும் உண்டு. ஆகையால் ஸ்பானரின்மேல் எழுதியிருப்பதை நம்பாமல், போல்டின் தலையைக் காலிப்பரால் அளந்து பார்ப்பதே முறை.

பெங்களூரில் 1953-ஆம் ஆண்டில் தோன்றிய எச்.எம்.டி. ஆலையின் யந்திரங்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பழைய யந்திரத்தில் புதுப் போல்ட் போடும்போதும் எச்சரிக்கை வேண்டும். அரை அங்குல விட்வொர்த் துளையில் 12 மில்லிமீட்டர் போல்டை நுழைத்தால், சில சுற்றுகள் பிடித்ததுபோல் தோன்றும்; இறுக்கும்போது வார்ப்பிலுள்ள மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும்.

அசையாத போல்ட்

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால்தான் மரை இறுகிப்போகிறது. மண்ணெண்ணெயில் சிறிது யந்திர எண்ணெய் கலந்து, மாலையில் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மீண்டும் ஊற்ற வேண்டும். கீழிருந்து ஏறும் போல்டில் எண்ணெய் தங்காது. எண்ணெயில் நனைத்த துணியை அதைச் சுற்றிக் கட்டி வைக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய யந்திரங்களுக்கு மூன்று நாள் ஊறலும் அதிகமன்று. பிறகு போல்டின் தலையில் நேராகச் சில சிறு தட்டுகள் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டாம். துருவின் பிடி விடுவதற்குச் சிறு அதிர்வே போதும். தளர்த்துமுன் இம்மியளவு இறுக்கிப் பார்ப்பதும் அனுபவசாலிகள் கையாளும் முறை. அந்தப் பக்கம் மயிரிழை அசைந்தால் இந்தப் பக்கம் வந்துவிடும். கால் சுற்று வந்தபின் மீண்டும் இறுகினால், திரும்ப இறுக்கி, எண்ணெயிட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டிக் கொண்டுவர வேண்டும்.

சூடு காட்டுவது கடைசி வழி. நட்டை மட்டும் காய்ச்ச வேண்டும். அது விரிந்து போல்டை விடும். வார்ப்பிரும்பின் ஓரிடத்தில் மட்டும் சுவாலையை நிறுத்திக் காய்ச்சினால் அது விரிசல் விட்டுவிடும். காய்ந்த வார்ப்பின்மேல் தண்ணீர் ஊற்றுவதோ தற்கொலைக்கு ஒப்பாகும். மண்ணெண்ணெயில் ஊறிய யந்திரத்தருகே தீயைக் கொண்டுவருமுன் துணிகளையெல்லாம் அகற்றி, நன்கு துடைத்து, பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

எவ்வளவு செய்தும் ஒரு பாகம் அசையவில்லையென்றால், அங்கே நாம் காணாத ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். பற்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் தலையில்லாத் திருகைக் கழற்றியபின்னும் சக்கரம் வராவிட்டால், அதே துளைக்குள் விளக்கைக் காட்டிப் பாருங்கள்; முதல் திருகு தளராமலிருக்க அதன் கீழே இரண்டாவது திருகு ஒன்று போட்டிருப்பார்கள். லீட் ஸ்க்ரூவின் வளையங்களில் இருப்பது கூம்பு முளை. அது 48-க்கு ஒன்று என்ற விகிதத்தில் மிக மெல்லச் சரிவது. மெட்ரிக் யந்திரங்களில் 50-க்கு ஒன்று. கண்ணுக்கு இரு முனைகளும் ஒன்றுபோலத் தோன்றும். பருத்த முனையில் அடித்தால் அடிக்க அடிக்க இறுகும். இரு முனைகளையும் துடைத்து அளந்து, சிறுத்த முனை எது என்று தீர்மானித்த பின்னரே சுத்தியலை எடுக்க வேண்டும். இடஞ்சுழி மரையும் சில தண்டுகளின் முனையில் இருக்கும். சைக்கிளின் இடது பெடலைக் கழற்றியவர்களுக்கு இது புதிதன்று.

ஹெட்ஸ்டாக்கின் நட்டுகள் எல்லாம் கழன்றபின், அதைத் தூக்குவதற்கு முன் ஒரு காரியம் உண்டு. அதற்கும் படுக்கைக்கும் இடையே தகடோ காகிதமோ வைத்திருக்கிறார்களா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். பழைய யந்திரத்தைச் சமன் செய்தவர், சிகரெட் அட்டைக் கனமுள்ள தகட்டுத் துண்டை ஒரு மூலையில் வைத்திருப்பார். சேற்றோடு சேற்றாக அது கழுவப்பட்டுப் போனால், யந்திரம் கடையும் தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் வரும். காரணம் விளங்காமல் மாதக் கணக்கில் அலைய நேரிடும். ஈக்காட்டுத்தாங்கல் யந்திரத்தில் அத்தகைய துண்டு பித்தளையில் ஒன்று இருந்தது. பெரியவர் அதை எடுத்துத் துடைத்து, எண்ணெய்த் தாளில் மடித்து, “முன் வலது மூலை” என்று எழுதித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தூக்கும் கயிறு படுக்கையின் வார்ப்பைச் சுற்றிச் செல்ல வேண்டும். லீட் ஸ்க்ரூவையோ சுழலும் தண்டையோ பற்றித் தூக்கினால் அவை வளைந்து என்றைக்கும் உதவாமற் போகும். ஹெட்ஸ்டாக் பக்கமே எப்போதும் கனமானது. லாரியில் ஏற்றும்போது அதைக் கழற்றித் தனியே கட்டி வைப்பது பாதுகாப்பு. கழற்றிய போல்ட்களை ஒரே டப்பாவில் கொட்டாமல், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தத் துளையிலேயே இரண்டு சுற்று மாட்டிவிட்டால், ஊர் போய்ச் சேர்ந்தபின் எது எங்கே என்ற கேள்வியே எழாது.

பஞ்சாயத்தின் பொறுப்பிலோ கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பிலோ இத்தகைய யந்திரம் வாங்கப்படுமானால், விலை பேசும்போதே பிரிப்பதற்கு மூன்று நாள் அவகாசம் கேட்டுக்கொள்வது நல்லது. விற்பவர் இடத்தை விரைவில் காலி செய்யச் சொல்வார். ‘இன்று மாலைக்குள்’ என்ற நெருக்கடியில்தான் குழாயும் சம்மட்டியும் வெளிவருகின்றன. எண்ணெய் ஊறுவதற்கு ஓர் இரவு வேண்டும் என்று எழுத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஊர்க் கொல்லரையும் உடன் அழைத்துச் சென்றால், போல்டின் தலையை அளந்து கொண்டுவந்து, மறுநாள் குழாய் ஸ்பானரோடு திரும்புவார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகளில் மீண்டும் நீர் புகுந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் நான் கண்ட அந்த யந்திரம் அதற்கு முன்பே வேறிடம் சென்றுவிட்டது. முறிந்த பிடிக்குப் பதிலாக எஃகுக் கட்டையில் ஒன்றைக் கடைந்து பொருத்தியிருந்தார்கள். அதைப் பூட்டும் இரண்டாவது போல்டுக்கு எதிரே, காலின் வார்ப்பில் பெரியவர் சொற்படி ஒரு துளையிட்டிருந்தார்கள். அடுத்த முறை பிரிப்பவரின் குழாய் ஸ்பானர் அதன் வழியாக நேரே உள்ளே செல்லும்.